நான்கு பேர், 60 பஸ், ஒன்பது மைக்ரோசர்வீஸ்: முன்பதிவுத் தளத்தை எப்படிக் கட்டுவது?

கொடிவேரி | திங்கள், காலை 10:12

வணக்கம். ஆம்னி பஸ் நிறுவனம் ஒன்றுக்கு முன்பதிவு இணையதளம் கட்டும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது. ஈரோட்டில் இருக்கிறோம், மொத்தம் நான்கு பேர். ஒருவர் போன ஆண்டுதான் கல்லூரியை முடித்தவர். நிறுவனத்திடம் 60 பஸ்கள் ஓடுகின்றன. பெரும்பாலானவை கோவையில் கிளம்பி அவிநாசி, பெருந்துறை, சேலம் வழியாகச் சென்னை போகின்றன. வண்டிக்கு 36 படுக்கைகள். இப்போது முன்பதிவு நடப்பது தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும்தான். அலுவலகத்தில் ஒரு பெரியவர் தாளில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். விற்ற படுக்கையைச் சிவப்புப் பேனாவால் அடிக்கிறார். எந்த வண்டியில் எது காலி என்று கேட்டால் தாளைப் புரட்டாமலே சொல்கிறார்.

நிறுவனம் ஓர் ஆலோசகரையும் அமர்த்தியிருக்கிறது. அவர் வரைந்து தந்த படத்தில் ஒன்பது மைக்ரோசர்வீஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடி நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் சிறு செயலிகள், உள்ளன: பயணி, கால அட்டவணை, படுக்கை, கட்டணம், முன்பதிவு, பணம், ரத்து, அறிவிப்பு, அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம், நடுவில் அவற்றுக்கிடையே செய்திகளைக் கடத்தக் காஃப்கா, அடியில் எல்லாவற்றையும் ஓட்டி நிர்வகிக்கக் குபர்நெட்டிஸ். "வளர்ந்த பிறகு பிரிப்பது முடியாத காரியம், முதல் நாளே பிரித்துவிடுங்கள்" என்கிறார். எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை பைத்தான் மொழி, அதில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். காஃப்காவை நாங்கள் யாரும் இதுவரை தொட்டதில்லை.

தீபாவளிக்கு முன் தளம் ஓடியாக வேண்டும். ஆறு மாதம் இருக்கிறது. ஒரு வாரமாக அந்தப் படத்தைச் சுற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மறுத்துப் பேசவும் ஆதாரம் போதவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. கட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தறி | திங்கள், பகல் 1:35

தம்பி, படத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கணக்குப் போடுங்கள். 60 வண்டி, 36 படுக்கை என்றால் ஓர் இரவுக்கு 2,160 டிக்கெட். தீபாவளிக்கு முந்தைய மூன்று இரவுகளுக்கு 6,480. முன்பதிவு திறந்த பத்தே நிமிடத்தில் அத்தனையும் விற்றுத் தீர்வதாகவே வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பதினொரு டிக்கெட்கூட ஆகவில்லை. நடுத்தரமான ஒரு சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸுக்கு இது மூச்சு வாங்கும் வேலையே இல்லை.

ஆகவே பாரத்துக்காகப் பிரிக்க வேண்டிய தேவை உங்களுக்குக் கிடையாது. பிரித்தால் எதை இழப்பீர்கள் என்று பாருங்கள். ஒருவர் 14-ஆம் படுக்கையை வாங்குகிறார். படுக்கை விற்றதாக மாற வேண்டும், முன்பதிவு பதிவாக வேண்டும், கட்டணம் அந்தக் கணத்தின் விலையில் உறைய வேண்டும். ஒரே தரவுத்தளத்தில் இவை மூன்றும் ஒரே டிரான்சாக்‌ஷன். நடந்தால் மூன்றும் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. மூன்று தரவுத்தளங்களாக உடைத்துவிட்டால் அந்த உறுதி போய்விடும். முன்பதிவு எழுதியாகிவிட்டது, கட்டண சர்வீஸ் பதில் சொல்லவில்லை என்றால் படுக்கையை யார் விடுவிப்பது? அதற்கு சாகா என்றொரு முறை இருக்கிறது. 1987-இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலம் என்பவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் வந்தது. செய்கிற ஒவ்வொரு படிக்கும் அதை நீக்கும் எதிர்ப்படி ஒன்றை எழுதிவைக்க வேண்டும். எதிர்ப்படியே பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். நல்ல முறைதான். ஆனால் நான்கு பேர் ஆறு மாதத்தில் பஸ் டிக்கெட் விற்பதற்காக அதைச் சுமக்கக் கூடாது.

ஒரே செயலியாகக் கட்டுங்கள். அதற்குள் நிரலின் பகுதிகளை, அதாவது அறைகளைச் சரியாகப் பிரியுங்கள். எங்கே பிரிப்பது என்பதற்கு மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய கட்டுரையே இன்றும் எனக்கு வழிகாட்டி: வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஓர் அறைக்குள் மறைத்துவையுங்கள் என்கிறார். உங்கள் தொழிலில் எவை மாறும்? பண்டிகைக்குக் கட்டணம் மாறும். ரத்து விதி மாறும். பணம் வாங்கித் தரும் நிறுவனம் மாறும். புது வண்டி வாங்கினால் படுக்கை அமைப்பு மாறும். நான்கு அறைகள் இதிலேயே கிடைத்துவிட்டன. ஆலோசகரின் ஒன்பதில் "ரத்து" தனி சர்வீஸாக இருக்கிறதே, ரத்து என்பது விற்ற படுக்கையைத் திரும்ப எடுப்பதுதானே? விற்பவனும் திரும்ப எடுப்பவனும் ஒரே புத்தகத்தில்தான் எழுத வேண்டும்.

வடம் | திங்கள், மாலை 6:20

பழைய தறி ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆலோசகரின் பயத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். நான் பெங்களூரில் பெரிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். நாங்கள் ஒரே செயலியாகத்தான் தொடங்கினோம். அறை, கதவு என்றெல்லாம் முதல் ஆண்டு பேசினோம். மூன்றாம் ஆண்டில் கட்டண அட்டவணையைப் பதினான்கு இடங்களிலிருந்து நேரடியாக வினவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற இரண்டு மாதம் ஆனது. விற்பனைப் பிரிவுக்காக ஒருவர் எழுதிய மாத அறிக்கை வினவல், ஒரு மாதக் கடைசியில் முன்பதிவையே நிறுத்திவிட்டது. பிரித்து முடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் அதில்தான் இருந்தேன்.

கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் சொன்னது: ஓர் அமைப்பு கட்டும் எதுவும் அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் வடிவத்தையே எடுக்கும். எங்களிடம் முப்பது குழுக்கள் இருந்தன. ஒரே செயலியில் முப்பது குழுக்களும் வெளியீட்டுக்கு வரிசையில் நின்றோம். பிரித்த பிறகு ஒரு குழு நினைத்த நாளில் தன் மாற்றத்தை வெளியிட முடிந்தது. அந்த விடுதலைக்காகத்தான் மைக்ரோசர்வீஸின் செலவையெல்லாம் தாங்கினோம்.

உங்களிடம் இருப்பது ஒரு குழு. இந்தக் காரணம் உங்களுக்குப் பொருந்தாது, அதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் "அறைகளைச் சரியாகப் பிரியுங்கள்" என்று வாயால் சொன்னால் போதாது. அறைக்குப் பூட்டு எங்கே? அவசரமான ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், அறிக்கை எழுதுகிறவர் படுக்கை அட்டவணையில் கை வைக்காமல் எது தடுக்கும்?

நடுநிசி | திங்கள், இரவு 11:48

நான் கட்டுகிறவள் இல்லை; கட்டியதை ஓட வைக்கிறவள். இரவில் சர்வர் விழுந்தால் என் தொலைபேசிதான் அடிக்கும். அந்த இடத்திலிருந்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஆறு பேர் சேர்ந்து எட்டு சர்வீஸ்களை வைத்திருந்தோம். ஒரு டிக்கெட் விற்க எட்டும் உயிரோடு இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 99.9% நேரம் நன்றாக ஓடியது, அதில் எங்களுக்குப் பெருமை. எட்டையும் பெருக்கினால் 99.2%. தனியாக ஒன்று என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கும்; எட்டும் ஒன்றை ஒன்று நம்பி ஓடியதால் ஐந்தே முக்கால் மணி நேரம். ஒவ்வொரு குழப்பத்திலும் முதல் ஒரு மணி நேரம் எந்த சர்வீஸில் கோளாறு என்று தேடுவதிலேயே போகும். ஒரே செயலிக்குள் ஒரு செயல்கூறு இன்னொன்றை அழைப்பது நானோ வினாடிக் கணக்கு. தவறினால் எந்த வரியில் தவறியது என்று பதிவேட்டில் நிற்கும். அதே அழைப்பு நெட்வொர்க்கில் போனால், ஒரே தரவு மையத்துக்குள்ளேயே சுமார் அரை மில்லி வினாடி ஆகும். அதைவிடக் கொடுமை, பதில் வராவிட்டால் வேலை நடந்ததா நடக்கவில்லையா என்றே தெரியாது.

இரண்டாவது, ஒரே செயலி வைத்திருந்த இன்னோரிடத்தில் நடந்தது. அதனால் மோனோலித், அதாவது ஒரே செயலி, என்றால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை தளம் முழுவதும் உறைந்துவிட்டது. சர்வரில் சுமையே இல்லை, செயலி சும்மா நிற்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. தரவுத்தளத்தில் எட்டிப் பார்த்தால் 50 இணைப்புகளும் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கின்றன. நிரலில் யாரோ, இருக்கைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அந்த டிரான்சாக்‌ஷனை மூடாமலேயே பணம் வாங்கும் நிறுவனத்தின் ஏபிஐயை (வெளி நிரல்கள் அழைப்பதற்கான வாசல்) அழைத்திருக்கிறார்கள். வழக்கமாக அரை வினாடியில் வரும் பதில் அன்றைக்கு இருபது வினாடி எடுத்தது. ஐம்பது பேர் பணம் கட்ட முயன்றதும் இணைப்புகள் தீர்ந்துவிட்டன. முகப்புப் பக்கம் பார்க்க வந்தவருக்கும் இணைப்பு இல்லை.

கொடிவேரி, உங்கள் சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டுவதானால் இதை ஒட்டுங்கள்: பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியாரை அழைக்காதே.

பழைய தறி | செவ்வாய், காலை 7:05

வடம் கேட்டது சரியான கேள்வி. பூட்டு மூன்று இடத்தில் போடலாம்.

ஒவ்வோர் அறைக்கும் போஸ்ட்கிரெஸில் தனி ஸ்கீமா, அதாவது அதன் அட்டவணைகளுக்குத் தனிப் பெட்டி. அறிக்கை அறை தனிப் பயனர் பெயரில் இணையட்டும்; அந்தப் பயனருக்குப் படுக்கை ஸ்கீமாவில் எழுதும் உரிமையே கொடுக்காதீர்கள். அப்போது வெள்ளிக்கிழமை மாலை எவ்வளவு அவசரம் என்றாலும் தரவுத்தளமே மறுத்துவிடும். இன்னும் நல்லது, அறிக்கை வினவல்கள் முழுவதையும் நகல் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுவது. மாதக் கடைசியில் எவ்வளவு கனமாக ஓடினாலும் முன்பதிவுக்கு உறைக்காது.

அடுத்து, நிரலில் எந்த அறை எந்த அறையை இறக்குமதி செய்யலாம் என்பதை விதியாக எழுதிவிடலாம். பைத்தானில் இதற்கென்றே இம்போர்ட் லின்டர் என்ற கருவி இருக்கிறது. விதியை மீறிய மாற்றம் சோதனையில் தோற்கும், முதன்மைக் கிளைக்குள் வராது. இணையக் கடைகளுக்குத் தளம் தரும் ஷாப்பிஃபை, ரூபி மொழியில் எழுதிய தன் பிரம்மாண்டமான செயலியை உடைக்காமல் வைத்துக்கொண்டு, 2020-இல் பேக்வெர்க் என்ற கருவியை வெளியிட்டது இதே வேலைக்காகத்தான்.

மூன்றாவது, அறைக்கு வெளியே இருப்பவர் அழைக்கக்கூடிய செயல்கூறுகளை ஒரே கோப்பில் வைப்பது. படுக்கைகளைக் கவனிக்கும் அறைக்கு நான்கு கதவுகள் போதும்: காலியைக் காட்டு, பிடித்துவை, உறுதி செய், விடுவி. பின்னால் ஒருநாள் இதைத் தனி சர்வீஸாக எடுக்க நேர்ந்தால் அந்த நான்கு கதவுகள்தான் ஏபிஐ ஆகும்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அமேசான் பிரைம் வீடியோவே மைக்ரோசர்வீஸைக் கைவிட்டுவிட்டது என்று 2023-இல் பரவிய செய்தியை ஆலோசகரிடம் ஆதாரமாகக் காட்டாதீர்கள். ஒளி, ஒலியின் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு கருவியை மட்டும் ஒரு குழு ஒரே செயலியாக மாற்றியது. அதன் செலவு 90% குறைந்தது. அவ்வளவுதான் நடந்தது. பிரைம் வீடியோ முழுவதும் மாறவில்லை. அவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அந்த இடத்திலேயே உங்கள் வாதம் விழுந்துவிடும். உங்கள் சொந்தக் கணக்கை, அந்த வினாடிக்குப் பதினொன்றைக் காட்டுங்கள்.

வடம் | செவ்வாய், காலை 9:30

நகல் தரவுத்தளம், தனிப் பயனர் இரண்டும் இருந்தால் என் அச்சத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இது: பதினொன்று என்பது வாங்குகிறவர்கள். பார்க்கிறவர்கள்? தீபாவளி நேரத்தில் ஒரு டிக்கெட் விற்பதற்குள் படுக்கைப் படம் நூறு தடவை திறக்கப்படும். ஆள் மாற்றி ஆள், "அந்த வண்டியில் கீழ்ப் படுக்கை இருக்கிறதா பார்" என்று ஒரே வீட்டில் மூன்று கைப்பேசிகளில் பார்ப்பார்கள். வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேல் வாசிப்பு. இந்தக் கூட்டம் வாங்குகிறவரை நசுக்கிவிடக் கூடாது.

பழைய தறி | செவ்வாய், காலை 9:52

அதற்கும் நிரலைப் பிரிக்க வேண்டியதில்லை, ஓட்டுவதைப் பிரித்தால் போதும். அதே நிரலை இரண்டு தொகுதிகளாக ஓட்டுங்கள்: ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று வாங்குவதற்கு. வருகிற கோரிக்கைகளைப் பங்கிடும் லோடு பேலன்சர் முகவரியைப் பார்த்து அனுப்பட்டும். இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு வரம்பு. படுக்கைப் படத்தை ரெடிஸ் என்ற நினைவகக் கிடங்கில் இரண்டு வினாடி வைத்திருந்து காட்டுங்கள். இரண்டு வினாடி பழைய படத்தைப் பார்த்து ஒருவர் விற்ற படுக்கையைத் தொடலாம். தொட்டதும் "இப்போதுதான் விற்றது" என்று சொல்லிவிடலாம். படம் சற்றுப் பழையதாக இருக்கலாம், விற்பனை மட்டும் ஒருபோதும் பழைய தகவலை நம்பக் கூடாது.

கொடிவேரி | செவ்வாய், பகல் 12:15

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரே செயலி என்ற பக்கம் எங்கள் மனம் உறுதியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெரியவரிடம் உட்கார்ந்து விதிகளைக் கேட்டபோது இரண்டு சிக்கல்கள் வந்தன.

ஒரு பெண் தனியாக இரட்டைப் படுக்கையில் ஒன்றை எடுத்தால், பக்கத்துப் படுக்கை அப்போதிலிருந்து பெண்களுக்கு மட்டும். தாளில் அந்தக் கட்டத்தில் "பெ" என்று எழுதிவிடுகிறார். இன்னொன்று: சேலம்வரை மட்டும் ஒருவர் வந்தால், சேலத்திலிருந்து சென்னைக்கு அதே படுக்கையை வேறொருவருக்கு விற்கிறார். நாங்கள் வண்டி எண், படுக்கை எண் இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று தரவுத்தளத்தில் கட்டுப்பாடு போட்டிருந்தோம். அது இரண்டுக்கும் உதவாதே?

பழைய தறி | செவ்வாய், இரவு 8:40

அந்தப் பெரியவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் வடிவமைப்பின் முக்கியமான பாதி அவர் தலைக்குள் இருக்கிறது.

சேலம் சிக்கலைப் போஸ்ட்கிரெஸே தீர்க்கும். நிறுத்தங்களுக்கு வரிசை எண் கொடுங்கள்: கோவை 1, அவிநாசி 2, பெருந்துறை 3, சேலம் 4, சென்னை 5. பயணம் என்பது ஓர் எண் வீச்சு. 1 முதல் 4 வரை ஒருவர், 4 முதல் 5 வரை இன்னொருவர். முடிவு எண்ணைச் சேர்க்காத வீச்சாக வைத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. ஒரே பயணம், ஒரே படுக்கை, மேற்பொருந்தும் வீச்சு மூன்றும் சேர்ந்து வந்தால் மறுத்துவிடு என்று எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு எழுதலாம். வீச்சு வகைகள் 2012-இல் 9.2 பதிப்பிலேயே வந்துவிட்டன. நிரலில் பிழை இருந்தாலும் தரவுத்தளம் ஒரே படுக்கையை இருவருக்கு விற்க விடாது.

பெண் பயணி விதிதான் ஆழமானது. நிதானமாகப் படியுங்கள்.

7-ஆம் படுக்கையும் 8-ஆம் படுக்கையும் ஒட்டியவை, இரண்டும் காலி. ஒரு பெண் 7-ஐ எடுக்கிறார். அதே கணத்தில் ஓர் ஆண் 8-ஐ எடுக்கிறார். பெண்ணின் டிரான்சாக்‌ஷன் பக்கத்துப் படுக்கையைப் பார்க்கிறது: காலி, எனவே தடை இல்லை. ஆணின் டிரான்சாக்‌ஷனும் பார்க்கிறது: காலி, தடை இல்லை. இருவரும் எழுதுகிறார்கள். ஒருவர் வரியை ஒருவர் தொடவே இல்லை, அதனால் வரிப் பூட்டு மோதவில்லை, கட்டுப்பாடும் மீறப்படவில்லை. இரண்டும் வெற்றி. இரவு பத்து மணிக்கு அவிநாசியில் ஏறுகிற அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியவரும். இதற்கு ரைட் ஸ்க்யூ என்று பெயர். தரவுத்தளத்தின் வழக்கமான தனிமைப்படுத்தும் நிலையில் இது தப்பிவிடும்.

தீர்வு இரண்டு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோலவே முடிவு வரச் செய்யும் சீரியலைசபிள் நிலையில் ஓட்டலாம். 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் இதைத் திறமையாகச் செய்கிறது. மோதும் இரண்டில் ஒன்றை ரத்து செய்துவிடும், நீங்கள் திரும்ப முயல வேண்டும். எளிய வழி, படுக்கையைத் தொடும் முன் அந்தப் பயணத்தின் வரியைப் பூட்டுவது. ஒரு வண்டிக்கு 36 படுக்கைதானே, சில மில்லி வினாடி வரிசையில் நிற்பது யாருக்கும் தெரியாது. வேறு வண்டிக்கு வாங்குகிறவர் காத்திருக்கவே மாட்டார். நான் இரண்டாவதையே செய்வேன், புதிதாக வருகிறவரும் படித்ததும் புரிந்துகொள்வார்.

இப்போது ஆலோசகரின் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பயணி ஆணா பெண்ணா என்பது ஒரு தரவுத்தளத்தில், படுக்கை இன்னொன்றில், முன்பதிவு மூன்றாவதில். இந்த ஒரு விதியைக் காப்பாற்ற எந்த வரியைப் பூட்டுவீர்கள்? படத்தைக் கிழிக்க எனக்கு வேறு காரணமே வேண்டாம்.

சில்லறை | செவ்வாய், இரவு 10:10

நான் பணப் பரிமாற்றப் பக்கம் வேலை செய்கிறேன். படுக்கையைப் பற்றி நன்றாகப் பேசினீர்கள்; பணம் இன்னும் தந்திரக்காரன்.

எட்டு நிமிடம் படுக்கையைப் பிடித்து வைக்கிறீர்கள் என்று கொள்வோம். பயணி யுபிஐயில் ஒப்புதல் கொடுக்கிறார், அவர் வங்கி "நிலுவையில்" என்கிறது. பத்தாவது நிமிடம் பணம் வந்துவிட்டதாக உங்களுக்கு வெப்ஹூக், அதாவது பணம் வாங்கும் நிறுவனத்தின் தானியங்கி அறிவிப்பு, வருகிறது. அதற்குள் படுக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. இது அபூர்வம் இல்லை, பண்டிகை நாளில் ஒவ்வொரு மணி நேரமும் நடக்கும். தாமதமாக வந்த பணத்துக்கு நிரலில் தெளிவான பாதை வேண்டும்: படுக்கை இன்னும் காலியாக இருந்தால் உறுதி செய், இல்லையென்றால் மனிதர் யாரும் தலையிடாமல் பணத்தைத் திருப்பு, பயணிக்கு உடனே தெரிவி. பணம் போய் டிக்கெட்டும் வராமல் தவிக்கிறவரைத் தொலைபேசியில் சமாளிக்கும் அலுவலக ஊழியரை நினைத்து எழுதுங்கள்.

அதே வெப்ஹூக் இரண்டு முறை வரும், மூன்று முறையும் வரும். வரிசை மாறியும் வரும். பண எண்ணுக்கு ஒருமுறை மட்டுமே என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்தில் போட்டுவிட்டால் இரண்டாவது வந்தது தானாக ஒதுங்கும். வெப்ஹூக்கே வராமலும் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலுவையில் இருப்பவற்றை நீங்களாகவே கேட்டுச் சரிபார்க்கும் வேலை ஒன்று ஓடட்டும். தொகையை எப்போதும் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். மிதவைப் புள்ளி எண்ணில் வைத்தால் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.3 வராது.

டிக்கெட் குறுஞ்செய்தி அனுப்புவதற்காகக் காஃப்கா வேண்டும் என்று ஆலோசகர் சொல்லியிருப்பார். முன்பதிவை உறுதி செய்யும் அதே டிரான்சாக்‌ஷனில், "அனுப்ப வேண்டியவை" என்ற அட்டவணையில் ஒரு வரி எழுதுங்கள். தனியாக ஓடும் ஒரு வேலையாள் நிரல் அதை எடுத்து அனுப்பும். இரண்டு வேலையாட்கள் ஒரே வரியை எடுக்காமல் இருக்க பூட்டிய வரிகளைத் தாண்டிப்போகும் ஸ்கிப் லாக்ட் வசதி 2016 முதல் போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. உங்கள் அளவுக்கு இதுவே ஏராளம்.

எழுத்துரு | புதன், காலை 6:55

சிறியதாகத் தோன்றும் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழில் தளம் கட்டுகிறவர்கள் இதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

"கோபி" என்று நிறுத்தத்தின் பெயரைத் தட்டுகிறார். "கோ" யூனிகோடில் இரண்டு விதமாக வரலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு ஒன்று இரண்டு குறியீடு, மற்றது மூன்று, தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் எல்லா உரையையும் வாசலிலேயே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து தரவுத்தளத்திலும் இதைச் செய்ய முடியும். ஆனால் "கௌரி" என்பதைப் பலர் எகரக் கொம்பும் ளகரமும் போட்டுக் "கெளரி" என்று தட்டுகிறார்கள். அதை என்எஃப்சி சரிசெய்யாது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை அது வேறு எழுத்து. பெயரைக் கொண்டு தேடும் இடங்களில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க நீங்கள்தான் எழுத வேண்டும்.

குறுஞ்செய்தியும் கவனம். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான், ஆங்கில எழுத்தில் 160. பஸ் எண், படுக்கை, ஏறும் இடம், நேரம் எல்லாம் தமிழில் எழுதினால் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று செய்திக்கான கட்டணம் ஆகலாம். அதற்காகத் தமிழை விட்டுவிடாதீர்கள். வாசகத்தைச் சுருக்கி எழுதுங்கள்.

தளிர் | புதன், காலை 11:20

நான் மாணவி, படித்துக்கொண்டே வருகிறேன். முகப்பை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் தனிச் செயலியாகக் கட்டப் போகிறீர்களா?

கொடிவேரி | புதன், பகல் 12:02

இல்லை. ஜாங்கோவே பக்கங்களை எழுதித் தரும். படுக்கைப் படம் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். சேலம் தாண்டிச் சிக்னல் குறைந்த இடத்தில் பழைய கைப்பேசியில் திறக்க வேண்டும், அதுதான் எங்கள் அளவுகோல்.

நடுநிசி | புதன், இரவு 11:15

முடிவை எடுத்ததும் அதை ஒரு பக்கத்தில் எழுதி நிரலோடு சேர்த்து வையுங்கள். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் சொன்ன முறை: சூழல், முடிவு, விளைவு. இரண்டு ஆண்டு கழித்து வருகிறவர் "ஏன் இதைப் பிரிக்கவில்லை" என்று கேட்பார். அன்றைக்கு நீங்கள் நால்வரும் அங்கே இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது.

கொடிவேரி | சனி, மாலை 5:30

நேற்று ஆலோசகரோடு உட்கார்ந்தோம். கணக்கைக் காட்டினோம், அவர் ஒப்புக்கொண்டார். பெண் பயணி விதியை அவர் படத்தில் வைத்து நடத்திக் காட்டச் சொன்னோம். சிறிது நேரம் யோசித்துவிட்டு, படுக்கை, முன்பதிவு, பயணி, ரத்து நான்கையும் அவரே ஒரே கட்டத்துக்குள் வரைந்தார். நேர்மையான மனிதர். பிற்பாடு பிரிக்க முடியாமல் போகும் என்ற அவர் கவலையை நாங்களும் முடிவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டோம். அந்தப் பக்கம் இது:

சூழல்: நான்கு பேர். 60 வண்டி. உச்சத்தில் வினாடிக்கு 11 விற்பனை, 1,000-க்கு மேல் வாசிப்பு. படுக்கை, பயணியின் பாலினம், பயண வீச்சு மூன்றும் சேர்ந்தே ஒரு விற்பனை செல்லுமா என்று தீர்மானிக்கின்றன.

முடிவு: ஒரே செயலி, ஒரே போஸ்ட்கிரெஸ். விற்பனை, கட்டணம், பணம், அறிவிப்பு, அறிக்கை என ஐந்து அறைகள், ஐந்து ஸ்கீமாக்கள். அறை தாண்டும் இறக்குமதி சோதனையில் தோற்கும். அறிக்கை நகல் தரவுத்தளத்தில் மட்டும். பயண வரியைப் பூட்டிய பிறகே படுக்கையைத் தொடலாம். பூட்டு இருக்கும்போது வெளி ஏபிஐ எதையும் அழைக்கக் கூடாது.

விளைவு: தரவுத்தளம் விழுந்தால் எல்லாம் விழும், ஆகவே மாற்று நகலுக்குத் தாவும் ஒத்திகை மாதம் ஒருமுறை. இரண்டாவது குழு சேர்ந்தாலோ, அறிவிப்பு அறை மற்றவற்றைவிட வேறு வேகத்தில் மாறத் தொடங்கினாலோ, அந்த அறையை முதலில் வெளியே எடுப்பது பற்றி மறுபடி பேச வேண்டும்.

வடம் | சனி, மாலை 6:45

"எப்போது மறுபடி பேச வேண்டும்" என்பதை எழுதினீர்கள் பாருங்கள், எங்கள் இடத்தில் அந்த ஒரு வரி இல்லாமல்தான் மூன்று ஆண்டு நழுவியது. இனி என் பக்கம் வாதம் இல்லை. அந்தப் பூட்டு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று மட்டும் சோதித்துச் சொல்லுங்கள்.

கொடிவேரி | அடுத்த வியாழன், இரவு 9:20

சோதித்தோம். ஒரே படுக்கையை 200 பேர் ஒரே நேரத்தில் வாங்க முயலும்படி ஒரு நிரல் எழுதினோம். ஒருவருக்குக் கிடைத்தது, 199 பேருக்கு மறுப்பு. பத்து முறை ஓட்டியும் அதே எண்ணிக்கை.

அடுத்து, பயணப் பூட்டை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, ஒட்டிய படுக்கைகளுக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒரே கணத்தில் வாங்குவதை 400 இணைகளாக ஓட்டினோம். மூன்று இணைகளில் இருவருக்குமே டிக்கெட் கிடைத்துவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, பதிவேடு சுத்தமாக இருந்தது. எங்கள் குழுவின் இளையவர்தான் முடிவுப் பட்டியலை வரி வரியாகப் பார்த்து அந்த மூன்றையும் கண்டுபிடித்தார். பூட்டைத் திரும்பப் போட்டு 4,000 இணைகள் ஓட்டினோம், ஒன்றுகூட இல்லை.

அந்தப் பெரியவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினோம். அவர் கேட்டது ஒன்றுதான்: பெண் டிக்கெட்டை ரத்து செய்தால் பக்கத்துப் படுக்கையின் "பெ" போய்விடுமா? போகவில்லை. இன்று அதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.